ஜவ்வாது மலையில் தொழுகை நேரம்

ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் சூரியனை வைத்தே வகுக்கப்பட்டவை. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பது குர்ஆனின் 4:103 வசனத்தில் வருகிறது. சூரியன் உச்சி சாய்வது தொடங்கி இரவு இருள்வது வரை உள்ள தொழுகைகளையும் வைகறையின் ஓதலையும் 17:78 சேர்த்துச் சொல்கிறது. பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையும் கைப்பேசிச் செயலியும் காட்டும் மணியும் நிமிடமும் இந்த வான அடையாளங்களின் கணக்குதான். அடையாளத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்தவர் அதே வசனத்தை ஓதும்போது நாக்கோடு நெஞ்சும் சேர்ந்து ஓதும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஜவ்வாது மலை வாய்ப்பான இடம். வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் என்று பள்ளிவாசல் நிறைந்த ஊர்கள் பாலாற்றை ஒட்டியும் மலையடிவாரத்தைச் சுற்றியும் இருக்கின்றன. மலைமேல் வாழ்வோரில் பெரும்பாலோர் சாமை பயிரிடும் மலையாளிப் பழங்குடியினர்; அங்கே விளக்கு வெளிச்சம் குறைவு. வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இருட்டு ஒரு முக்கியக் காரணம். 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், வடக்கு அகலாங்கு சுமார் 12.6 பாகை, கிழக்கு நெட்டாங்கு சுமார் 78.8 பாகையில் இருக்கிறது. இந்த எண்கள் தொழுகைக் கணக்குக்கும் அடிப்படை.

ஜிப்ரீல் நபிகளாருக்கு முதலில் தொழுவித்துக் காட்டியது லுஹர் என்பதால் சட்ட நூல்கள் பலவும் லுஹரிலிருந்தே தொடங்குகின்றன. சமதரையில் நேராக நட்ட ஒரு குச்சி லுஹர் நேரத்தை அறியப் போதும். காலையிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நிழல், ஓர் அளவுக்குக் கீழே போகாமல் சற்று நிற்பதுபோல் தோன்றும். பிறகு கிழக்கே நகர்ந்து நீளத் தொடங்கும். நீளத் தொடங்கியதும் லுஹர் வந்துவிட்டது. இந்திய நேரம் 82.5 பாகை நெட்டாங்கை வைத்து ஓடுவதால் காவலூரில் உச்சிவேளை சராசரியாக 12.15க்கு வரும், பிப்ரவரி நடுவில் 12.29 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும்.

சூரியன் சரியாக உச்சியில் நிற்கும் அந்தச் சிறு பொழுதில் தொழக் கூடாது. உதிக்கும் கணத்திலும் மறையும் கணத்திலும் அப்படித்தான். சூரியனைக் கொண்டு நேரம் பார்க்கும் மார்க்கம், சூரியன் கண்ணை நிறைக்கும் அந்த மூன்று இடங்களிலும் நெற்றியைத் தரையில் வைக்க விடாமல் தடுக்கிறது. நட்சத்திரம், சந்திரன், சூரியன் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, மறைவது இறைவனாக முடியாது என்று இப்ராஹீம் நபி விலகிய வரலாறு 6ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. குச்சி நிழலுக்கு முன்னால் காத்திருப்பவருக்கு அந்த வரலாறு வெகு அருகில் வந்துவிடும்.

அஸருக்கும் இதே குச்சிதான். உச்சிவேளை நிழலோடு குச்சியின் ஒரு மடங்கு நீளம் கூடினால் ஷாஃபி மத்ஹபின்படி அஸர். இரு மடங்கு கூடினால் ஹனஃபி மத்ஹபின்படி அஸர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்கள் முன்னதையும், வாணியம்பாடிப் பக்கம் பெரும்பாலும் பின்னதையும் பின்பற்றுகின்றன. இரண்டுக்கும் இடைவெளி இம்மலையில் டிசம்பரில் சுமார் 50 நிமிடம். ஏப்ரல் கடைசியில் ஒன்றேகால் மணி நேரம். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 19 ஆகிய நாள்களை ஒட்டி உச்சியில் குச்சிக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும்.

மஃரிபில்தான் மலை ஏமாற்றும். மேற்கே ஒரு முகடு நின்றால் சூரியன் அதன் பின்னே போனதும் பள்ளத்தாக்கு இருண்டுவிடும். நோன்பு திறக்க அது போதாது. அப்போது கிழக்கே பார்க்க வேண்டும்: அடிவானத்திலிருந்து இருள் எழுந்து வருவதும் எதிர்முகடுகளில் வெயில் அற்றுப்போவதும் அடையாளம். மாறாக, 725 மீட்டர் உயரத்தில் சமவெளியின் அடிவானம் தடையின்றித் தெரிந்தால், கீழே இருப்பவரைவிடச் சில நிமிடம் அதிகமாகச் சூரியன் தெரியும். மேலே இருப்பவர் அதுவரை பொறுக்க வேண்டும். இஷா, மேற்கின் செம்மை மறைந்தபின். இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் அதன்பின் தங்கும் வெண்மையும் மறைந்தபின்.

சுப்ஹு நேரத்தைத்தான் நகரவாசிகள் முற்றிலும் இழந்துவிட்டார்கள். இருளின் கறுப்பு நூலிலிருந்து விடியலின் வெள்ளை நூல் பிரிந்து தெரியும்வரை உண்ணலாம் என்று 2:187 நோன்பாளிக்கு இடம் தருகிறது. ஆனால் விடியல் இரண்டு. முதலில் கிழக்கே ஒரு மங்கிய வெளிச்சம் ஓநாயின் வால்போல மேல்நோக்கி எழும். சஹர் உணவை அது தடுக்காது. அதை நம்பி சுப்ஹு தொழவும் கூடாது. கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் சூரிய ஒளி சிதறுவதால் வரும் வெளிச்சம் அது. தெருவிளக்குள்ள ஊரில் அது கண்ணில் படாது. காவலூர் போன்ற இடத்தில் நிலவில்லாத தெளிந்த வானில் தெரியும். அடுத்து வருவது மெய்விடியல்: அடிவானத்தை ஒட்டி இடம் வலமாகப் பரவும் வெண்மை, நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போகும். சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே இருப்பதை இதற்கு அளவாகப் பலரும் கொள்கிறார்கள். அப்படிக் கொண்டால் இங்கே சுப்ஹு தொடங்கிச் சூரிய உதயம் வரை பருவத்துக்கேற்ப 70 முதல் 80 நிமிடம் கிடைக்கும்.

நேரத்தைப் போலவே கிப்லாவுக்கும் நிழல் உதவும். தமிழ்நாட்டில் மேற்கு நோக்கித் தொழுவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். காவலூரிலிருந்து கஅபாவின் திசை மேற்கிலிருந்து வடக்கே சுமார் 19 பாகை சாய்ந்தது. மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களை ஒட்டிச் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். இந்திய நேரப்படி முறையே பிற்பகல் 2.48, 2.57. அந்த நிமிடத்தில் மேகம் மறைக்காவிட்டால், குச்சியின் நிழல் நுனியிலிருந்து அடியை நோக்கி இழுக்கும் கோடுதான் கிப்லா. நேர்மேற்காகக் கட்டிய பழைய பள்ளிவாசலை இதற்காக இடிக்க வேண்டியதில்லை. ஹனஃபி சட்டத்தில் 45 பாகைக்குள் விலகல் இருந்தாலும் தொழுகை கூடும். துல்லியம் வேண்டும் ஜமாஅத்தார் தரையில் வரிசைக் கோடுகளை மட்டும் சாய்த்து வரைந்துகொள்ளலாம்.