கண்கட்டும் கைவிலங்கும்

துப்பறியும் கதையில் நாம் இன்பங் காண்பது குற்றவாளி யார் என்று அறிவதிலேயே என்பர். இக்கருத்து முழுமையானதன்று. குற்றவாளியை முதலிலேயே காட்டிவிட்டு, அவன் எவ்வாறு அகப்படுவான் என்ற வினாவைக் கொண்டே கதையை நடத்தலாம் என்பதை ஒஸ்ரின் ஃபிறீமன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1912இல் வெளிவந்த தமது சிறுகதைத் தொகுதியிலே காட்டிவிட்டார். அம்முறையைத் தொலைக்காட்சியிற் கையாண்டு பெரும்புகழ் பெற்றது 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொடர். அதில் நான் பன்முறை விரும்பிப் பார்த்தது, 1976 பெப்ரவரி 29ஆம் நாள் ஒளிபரப்பான மாயவித்தைக்காரன் கதையாகும்.

சன்ரினி இரவு விடுதி ஒன்றில் வித்தை காட்டுபவன். பூட்டிய பெட்டியினுள் இருந்தவாறே நீர்த்தொட்டியில் இறக்கப்படுவது அவனது தலைசிறந்த வித்தை. சபையோர் மூச்சடக்கிப் பார்த்திருக்க, அவனோ பெட்டி நீரைத் தொடுமுன்னரே மேடைக்கடியில் நழுவி, பரிசாரகன் வேடத்தில் சமையலறையூடாகச் சென்று விடுதி உரிமையாளனைச் சுட்டுக் கொன்றுவிட்டு மீள்கிறான். சன்ரினி முன்பு நாஸி முகாமொன்றிற் காவலனாக இருந்தவன். அதனை அறிந்த உரிமையாளன் அவனை மிரட்டிப் பணம் பறித்து வந்தான். இதுவே கொலைக்குக் காரணம்.

மாயவித்தையைப் பற்றிய துப்பறியும் கதைக்கு இவ்வமைப்பு மிகப் பொருந்துகிறது. வித்தை மேடையின் முன்னே இருப்பவர்க்கு வியப்பு. பின்னே நிற்பவர்க்கு உழைப்பும் கணக்கும். நாம் தொடக்கத்திலிருந்தே பின்னே நிறுத்தப்படுகிறோம். ஆகவே ஏமாறும் இன்பம் நமக்கில்லை. ஏமாற்றும் கலையை அணுகி நோக்கும் இன்பமே கிட்டுகிறது. சன்ரினியாக நடித்த ஜக் கசிடியின் மிடுக்கும் புன்னகையும் அவ்வின்பத்தைப் பெருக்குகின்றன.

அவனுக்கு எதிரே நிற்பவரும் ஒரு வித்தைக்காரரே. பீற்றர் ஃபோக் நடித்த கொலம்போ, கசங்கிய மேலங்கியும் தடுமாறும் பேச்சும் கொண்டவர். மனைவி வாங்கித் தந்த புதிய மேலங்கியை எங்கேனும் தொலைத்துவிட அவர் படும் பாடு இக்கதையின் நகைச்சுவை. நாம் அதனைப் பார்த்துச் சிரித்திருக்கையில் அவர் கண் வேறிடத்தில் இருக்கிறது. இறந்தவனின் அறையில் இருந்த பூட்டைச் சன்ரினியால் திறக்க முடியுமா என அறிய, அதே வகைப் பூட்டமைந்த கைவிலங்குடன் சபையிலிருந்து மேடையேறுகிறார். திறக்காவிட்டால் புகழ் போகும்; திறந்தால் ஐயம் வலுக்கும். செருக்கு வெல்கிறது, விலங்கு திறக்கிறது.

முடிவான சான்று தட்டச்சுப் பொறியிலிருந்து வருகிறது. உரிமையாளன் சன்ரினியைக் காட்டிக்கொடுத்து எழுதிய கடிதம் மறைந்துவிட்டது. ஆனால் அது கார்பன் பூசிய நாடாவிற் தட்டப்பட்டது. துணிநாடா முன்னும் பின்னும் ஓடுவதால் எழுத்தின்மேல் எழுத்து விழுந்து குழம்பும். கார்பன் நாடாவோ ஒருமுறையே ஓடுவது. தட்டிய எழுத்துக்கள் யாவும் வரிசை குலையாமல் அதில் நிற்கும். கடிதத்தை மறையச் செய்தவனால் அதன் தடத்தை மறையச் செய்ய இயலவில்லை.

மேடை வித்தைக்காரன் நம்மை ஏமாற்றப் போவதாக முன்னரே அறிவித்துவிட்டு ஏமாற்றுகிறான். நாமும் அதற்கு உடன்பட்டே சீட்டு வாங்குகிறோம். அந்த உடன்பாடே அக்கலையின் அறம். சன்ரினி பெயரை மாற்றித் தன் பழைய வாழ்வை மறைத்தபோது அத்தகைய உடன்பாடு எவரிடமும் பெறவில்லை.

ஆயினும் ஒரு குறை என் மனத்தை உறுத்துகிறது. அவன் பிடிபடுவது மிரட்டிப் பிழைத்த ஒருவனைக் கொன்றமைக்காகவே. முகாமில் மாண்டோர் இக்கதையில் முகமற்றவர்கள். கொலைக்குக் காரணமொன்று தேவைப்பட்டமையால் மட்டும் அவர்கள் நினைக்கப்படுகின்றனர். நம் கண்ணை நீர்த்தொட்டியின்மேல் நிறுத்திவிட்டுக் கதாசிரியர் ஆடிய கண்கட்டு அது எனலாம். விலங்கு பூட்டப்படுகையில் நாம் மகிழ்கிறோம்; மகிழ்வது முறையே. ஆனால் எக்குற்றத்துக்காக அது பூட்டப்படுகிறது என்பதையும் அக்கணத்தில் எண்ணிப் பார்ப்பவனே இக்கதையை முழுமையாகச் சுவைத்தவனாவான்.