கத்திரி வெயிலும் காதுக்கு ஒரு கதையும்

கத்திரி வெயில்ல கடலூர்க்காரனுக்கு ரெண்டே வேலைதான். ஒண்ணு, பண்ருட்டி பலாச்சுளையை முழுங்குறது. ரெண்டு, எப்படா கடக்காத்து வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது. இந்த வருஷம் மூணாவதா ஒண்ணு சேந்திருக்கு... கதை கேக்கறது. ஆமாங்க, ஆடியோ புக்!

காரணம் எங்க ஆயா. 'கல்கி'யில பொன்னியின் செல்வன் மறுபடி தொடரா வந்தப்ப வாராவாரம் கிழிச்சு, பைண்டு பண்ணி வச்சிருக்கிற ஆளு. அது மட்டுமில்ல, எழுதப் படிக்கத் தெரியாத தெருப் பொம்பளைங்களுக்கு மத்தியானத்துல திண்ணையில உக்காந்து சத்தமா படிச்சுக் காட்டும். போன வருஷம் சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. வெளிச்சம் தெரியுது, எழுத்து தெரியல. இனிமே இவ்ளோதான்னு டாக்டரும் கைவிரிச்சுட்டார். பைண்டு புக்கை மடியில வச்சு தடவிக்கிட்டே உக்காந்திருந்தா பாக்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

சரி, நாமதான் பொட்டி தட்டுறவனாச்சே, ஏதாச்சும் செய்வோம்னு இறங்கினேன். மொதல்ல மெஷின் குரல். எழுத்தைக் குடுத்தா அதுவே படிக்கும். இப்ப முன்னைக்கு ரொம்பவே தேறிடுச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா தமிழ்ல ஒரே 'க'வைத்தான் 'கடல்'லயும் எழுதுறோம், 'கங்கை'யில வர்ற முதல் எழுத்துக்கும் எழுதுறோம். எங்க அழுத்தணும், எங்க மெதுவா சொல்லணும்னு நமக்குப் பழக்கத்துல தெரியும். மெஷின் பேரு வர்ற எடத்துல தடுமாறுது. "யாருடா இவன், ரேஷன் கடையில பேரு கூப்பிடற மாதிரி படிக்கிறான்?"னு ஒரே வரியில ரிஜெக்ட் பண்ணிடுச்சு ஆயா :-)

அடுத்து மனுஷக் குரல். இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு நாடக பாணி. பாம்பே கண்ணன் குழு பண்ணின பொன்னியின் செல்வன் அந்த வகை, பாத்திரத்துக்கு ஒரு குரல். இன்னொண்ணு ஒத்தைக் குரல். தீபிகா அருணோட 'கதை ஓசை' அந்த வகை. எனக்கு நாடகம்தான் புடிச்சுது. சின்ன வயசுல ரேடியோவுல ஒலிச்சித்திரம் கேட்டு வளந்த காது இல்லியா! ஆயாவுக்கு ஒத்தைக் குரல்தான் வேணுமாம். "ஒருத்தி படிச்சாத்தான்டா படிக்கிற மாதிரி இருக்கு. நாடகம்னா நான் எதுக்கு?"ன்னுச்சு. அந்தக் கடைசி வார்த்தை எனக்கு அப்ப புரியல. அதுக்கு அப்பறம் வர்றேன்.

நம்ம ஊர்க்கதையைக் கொஞ்சம் சொல்லணும். கதையைக் காதால கேக்கறது சிதம்பரத்துக்குப் புதுசே இல்ல. சேக்கிழார் பெரியபுராணத்தை ஆயிரங்கால் மண்டபத்துல அரங்கேத்தினார்னும், ஒரு சித்திரைத் திருவாதிரையில ஆரம்பிச்சு அடுத்த சித்திரைத் திருவாதிரையில முடிச்சார்னும், சோழ ராஜாவே உக்காந்து கேட்டார்னும் சேக்கிழார் புராணம் சொல்லுது. அதுவும் சித்திரை வெயில்ல ஆரம்பிச்ச ஆடியோ புக்தானே!

நான் கத்துக்கிட்டது இதுதான். கதை நல்லா இருந்தா மட்டும் போதாது, வேலைக்கு ஏத்த கதையா இருக்கணும்.

மொட்டை மாடியில வடாம் காய வச்சு காக்கா ஓட்டுற வேலைக்கு சிறுகதை. அரை மணியில முடிஞ்சுடும், நடுவுல எழுந்து ஓடினாலும் நஷ்டமில்ல. இதுக்கு ஜெயகாந்தன். 1934-ல நம்ம மஞ்சக்குப்பத்துல பொறந்தவர். பாதிக் கதை பேச்சாவே ஓடுறதால காதுக்கு லட்டு மாதிரி. புதுமைப்பித்தன் 1906-ல திருப்பாதிரிப்புலியூர்ல பொறந்தவர்தான். ஆனா அவருக்கு நெல்லைப் பேச்சு தெரிஞ்ச குரலாப் பாத்து எடுங்க, இல்லேன்னா பாதி ருசி போயிடும்.

சிதம்பரத்துல அத்தை வீட்டுக்குப் போக ரயில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளைன்னு நின்னு நின்னு போற பாசஞ்சர்ல தொடர்கதைதான் சரி. பொன்னியின் செல்வன் 1950-லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் வந்தது. கிட்டத்தட்ட 300 அத்தியாயம், ஒவ்வொண்ணும் முடியுறப்ப ஒரு கொக்கி. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிறுத்திக்க அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கு.

பிச்சாவரம் படகுல மட்டும் ஒண்ணும் வேணாம். அங்க துடுப்பு சத்தத்தைக் கேளுங்க. பைக் ஓட்டுறப்பவும் வேணாம், சொல்லிட்டேன்.

இப்ப ஆயா மேட்டர். வேகத்தை 1.25-ல வச்சேன், "யாராச்சும் தொரத்துறாங்களா?"ன்னு கேட்டுச்சு. 0.9-ல நின்னுச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குத் திண்ணையில ஓட விட்டேன். ரெண்டாவது நாளே எதுத்த வீட்டு அத்தை முறத்தோட வந்து உக்காந்துட்டாங்க. ஒரு வாரத்துல நாலு பேரு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆயா "நிறுத்துடா"ங்குது. நிறுத்தினா, "இந்த வீரநாராயண ஏரின்னு சொல்றாளே, அது வேற எதுவும் இல்லடி, நம்ம வீராணம்தான். காட்டுமன்னார்கோயில் போற வழியில..."ன்னு விளக்கம். பெரிய பழுவேட்டரையர் யாரு, சின்னவர் யாருன்னு உறவுமுறை பாடம். பத்து நிமிஷ அத்தியாயம் முக்கா மணி நேரம் ஓடுது! ஒத்தைக் குரல் ஏன் வேணும்னு அப்பத்தான் புரிஞ்சுது. நாடகம் எல்லா இடத்தையும் நிரப்பிடும். ஆயாவுக்கு நடுவுல பேச ஒரு எடம் வேணும்.

கண்ணு திரும்பலங்க. அது திரும்பாதுன்னு ஆயாவுக்கும் தெரியும். ராத்திரியில புக்கைத் தடவுறது இன்னும் நிக்கல. ஆனா மத்தியானம் ரெண்டு மணின்னா தலை சீவிக்கிட்டு ரெடியா உக்காந்திருக்கு.

கதை ஆரம்பிக்கிறதே ஆடிப்பெருக்கு அன்னிக்கு, வீராணம் கரையில. இந்த ஆடி பதினெட்டுக்கு அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லி இப்பவே ஆர்டர். "மேட்டூர் தொறந்து, கொள்ளிடம் வந்து, வடவாத்துல தண்ணி விட்டாத்தானே ஏரி நெறையும் ஆயா"ன்னேன்.

"நெறையலேன்னா என்னடா, எனக்குத் தெரியவா போவுது? கரையில காத்து இருக்குமில்ல, போதும்"னுச்சு.

கார் சொல்லியாச்சு. ரெண்டாம் பாகத்தையும் போன்ல ஏத்தியாச்சு. உங்க வீட்டுப் பெரியவங்க காதுக்கு எந்தக் குரல் ஒத்துவந்துச்சுன்னு சொல்லுங்க மக்கா, பொன்னியின் செல்வன் முடிஞ்சதும் அடுத்து என்னன்னு ஆயா கேக்கும்!