ஒரு மாணவனின் கேள்வியும் எனது கணினியும்

 

பிறர் உடைமையை அனுமதியின்றி எடுத்தாள்வது கூடாது என்ற பாடத்தை ஒருநாள் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் மார்க்கத்தால் பாதுகாக்கப்பட்டவையே என 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்ததையும் எடுத்துச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"உஸ்தாத், ஒங்கட கம்பியூட்டர்ல ஈக்கிற விண்டோஸ் சல்லி குடுத்து வாங்கினதா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாத்தையும் போட்டுத் தாங்க" என்று கடையில் சொல்லி வாங்கிய பழைய மடிக்கணினி அது. குத்பாக் குறிப்புகளைக்கூட அதில்தான் எழுதி வந்தேன். விலை கொடுத்து வாங்கலாமென்றால், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ என் கணினி ஏற்காது.

அப்போதுதான் லினக்ஸைப் பற்றி விசாரித்தேன். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது அது. பயன்படுத்தவும், திருத்தவும், பிரதியெடுத்து அயலவருக்குக் கொடுக்கவும் அதன் உரிமப் பத்திரமே அனுமதிக்கின்றது.

ஆனால் உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் எனப் பல பெயர்களைக் கண்டு மலைத்துப் போனேன். வாசகர்களே, நீங்கள் மலைக்க வேண்டாம். அரிசி ஒன்றுதான், கஞ்சி, நெய்ச்சோறு, புரியாணி என்று சமையல்தான் வேறு. புதியவருக்கு லினக்ஸ் மின்ட் இலகு. அதன் தோற்றம் விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. என் கணினியின் நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்பதால், அதிலேயே பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைத் தெரிந்தெடுத்தேன்.

அதனை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுதிக்கொண்டேன். கணினியை அந்த பென்னிலிருந்தே இயக்கினால், எதையும் நிறுவாமலே பரீட்சித்துப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நிறுவுவது அதன் பிறகுதான்.

இங்கேதான் நான் தவறினேன். ஆவணக் கோப்புறையைப் பிரதியெடுத்த நான், முகப்புத் திரையில் கிடந்தவற்றை மறந்துவிட்டேன். வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவை அழுத்தினேன். ஐந்து ரமழான்களின் பயான் குறிப்புகள் போயின. ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைத்தவனாகிவிட்டேன். நீங்கள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதியெடுத்து, திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே அந்தத் தெரிவைத் தொடுங்கள்.

நிறுவ அரை மணி நேரமும் ஆகவில்லை. பாமினியில் தட்டிய பழைய வினாத்தாள்கள் முதலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. அந்த எழுத்துருவை நிறுவியதும் சரியாகின. உடன் வரும் லிப்ரே ஒபிஸில் அரபும் வலமிருந்து இடமாக ஒழுங்காக வருகின்றது.

மறுவாரம் வகுப்பில் விடயத்தைச் சொன்னேன். அந்த மாணவன் தலைகுனிந்து, "நான் பகிடிக்குத்தான் கேட்ட உஸ்தாத்" என்றான். "ஜஸாகல்லாஹு கைரன்" என்றேன் அவனுக்கு.

நஸீஹத் பின்வரிசையிலிருந்தும் வரும். கேட்கும் காதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.