மரம் சொன்ன தேதி

உங்கள் வயது என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீங்கள் இரண்டு வருஷம் குறைத்துச் சொல்லலாம்; அது உங்கள் உரிமை. ஆனால் குளிர் தேசத்து மரங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு வளையம் என்று தங்கள் வயதைத் தங்கள் வயிற்றுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கின்றன. செழிப்பான வருஷமென்றால் வளையம் அகலம். பஞ்ச காலமென்றால் ஒல்லி.

வயது மட்டுமா? தனக்கு நேர்ந்த விபத்தையும் மரம் குறித்து வைக்கிறது. மலைச்சரிவில் மண் நகர்ந்து ஒரு பைன் மரம் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிமிர முயற்சி செய்யும். தாழ்ந்த பக்கத்தில் அதிகமாகச் சதை வைத்து, தனக்குத் தானே முட்டுக் கொடுக்கும். அதுமுதல் வளையங்கள் ஒரு பக்கம் பருத்தும் மறு பக்கம் மெலிந்தும் இருக்கும். மரத்தை வெட்டக்கூட வேண்டாம். பென்சில் போன்ற மெல்லிய துண்டு ஒன்றைத் துளைத்தெடுத்து எண்ணினால், மண் சரிந்த வருஷம் தெரிந்துவிடும்.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்கிறீர்களா? அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தாரைக் கேட்க வேண்டும்.

அந்த நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி இருக்கிறது. ஏரிக்கு அடியில் ஒரு காடு நிற்கிறது! எப்போதோ கரை சரிந்தபோது, மரங்கள் வேரும் மண்ணுமாக அப்படியே வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டன. அங்கிருந்து பல மைலுக்கு அப்பால், ஒலிம்பிக் மலைப் பக்கத்திலும் பாறைகள் சரிந்து ஓடைகளை மறித்து, குளங்கள் உண்டாகி, மரங்கள் மூழ்கிச் செத்திருந்தன. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தவையா, வேறு வேறு காலத்தவையா?

விஞ்ஞானிகள் வளையங்களை ஒப்பிட்டார்கள். அகலம், ஒல்லி, ஒல்லி, அகலம் என்ற வரிசை இரண்டு இடத்து மரங்களிலும் பொருந்தியது. கடைசி வளையமும் ஒரே வருஷத்தது. எந்த வருஷம்? கி.பி. 774-75-ல் கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருள் மரங்களில் திடீரென்று கூடியதை 2012-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த முத்திரை விழுந்த வளையத்திலிருந்து வெளிப்புறமாக எண்ணிக்கொண்டே வந்தால் கணக்கு 923-ல் நிற்கிறது. அந்த வருஷத்து வளையம் முழுசாக முடிந்திருக்கிறது. அடுத்த வசந்தத்தின் வளர்ச்சி தொடங்கவே இல்லை. ஆகவே மரங்கள் உயிர்விட்டது 923-24 குளிர்காலத்தில்!

ஒரே பெரிய பூகம்பம், அல்லது சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து இரண்டு. 2023-ல் வெளியான முடிவு இது. பூமியின் தனித்தனிப் பிளவுகள் சேர்ந்தும் அதிரக்கூடும் என்றால், பாலமும் வீடும் கட்டுகிறவர்கள் தங்கள் கணக்கைத் திருத்திப் போட வேண்டாமா?

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். நீலகிரிப் பக்கம் செய்தி சேகரிக்கப் போயிருந்தபோது, புதிதாக வீடு எழும்பிக்கொண்டிருந்த ஒரு சரிவைக் காட்டி, "இங்கே முன்பு மண் சரிந்ததுண்டா, ஐயா?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"எங்க அப்பா காலத்துல ஒரு தடவை சரிஞ்சுதுன்னு சொல்வாங்க. எந்த வருஷமோ, யாரு கண்டா?" என்றார் அவர்.

அருகில் நின்ற வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அஸ்திவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரத்தைக் கேட்கும் வசதியும் நமக்குக் குறைவு. வளர்ச்சியை அடியோடு நிறுத்தும் குளிர்காலம் இல்லாததால், நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் வருஷ வளையம் தெளிவாக விழுவதில்லை. தேக்கு போன்ற சில மரங்களே விதிவிலக்கு. மரம் எழுதாத ஊரில் மனிதர்தான் எழுதி வைக்க வேண்டும். மலையூர்களில் இருக்கும் நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்: எந்த இடம் சரிந்தது, எந்த வருஷத்து மழையில்? அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். நாளை அங்கே மனை வாங்க வருகிறவருக்கு அது உயிர் காக்கும் தகவலாக இருக்கலாம்.