தள்ளாட்டமும் காதும்

நாம் குமாஸ்தாவாக இருக்கும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில், 2012ஆம் ஆண்டுக்குரிய ஏட்டில், ஒரு தொழிலாளியின் பெயருக்கு எதிரே ‘குடிபோதை’ என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறது. கையெழுத்து நம்முடையது. அந்த மனிதர் கள்ளோ சம்சுவோ தொடாதவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் ஒருவன் தள்ளாடினால் நம்மவர்க்குத் தோன்றும் காரணங்கள் இரண்டே. ஒன்று கள், மற்றொன்று காற்று, கருப்பு. மூன்றாவதொரு காரணம் இருக்கக்கூடுமென்ற எண்ணம் ஆங்கில வழியில் படித்த நமக்கும் உதிக்கவில்லை.

அவர் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். காசநோய் ஒருமுறை வந்து தீர்ந்து, மறுபடியும் திரும்பியது. இரண்டு வாரம் விடுப்பில் இருந்துவிட்டு வேலைக்கு வந்தார். நாள்தோறும் பிற்பகலில் அரசாங்க மருத்துவ நிலையத்துக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்வார். விடுப்புக்காக அவர் கொண்டுவந்த சீட்டில் ‘ஸ்ட்ரெப்டோமைசின்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அதைத் தடையின்றி வாசித்தோம். சீட்டைக் கோப்பில் வைத்தோம். நம் படிப்பு அங்கே முடிந்தது.

அம்மருந்தின் பெருமையை யாரும் குறைத்துப் பேசலாகாது. 1943இல் அமெரிக்காவில், வாக்ஸ்மன் என்பாரின் ஆராய்ச்சிக் கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தார். அதுவரை காசநோய்க்கு ஓய்வும் நற்காற்றுமே முக்கியச் சிகிச்சை. 1948இல் பிரித்தானியர் வெளியிட்ட சோதனையில், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் ஆறு மாதத்துக்குள் மாண்டனர். மருந்தும் பெற்ற 55 பேரில் இறந்தவர் நால்வரே. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், இம்மருந்தை வேறொன்றோடு சேர்த்து வாரம் இருமுறை கொடுத்தாலே போதுமென்று காட்டி, ஏழைகள் வீட்டிலிருந்தே குணமடைய வழி செய்தது. ஆயினும் அந்த 1948ஆம் ஆண்டுச் சோதனையிலேயே, மருந்து பெற்றவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தலைசுற்றலுக்கு ஆளாயினர் என்பதும் பதிவாகியிருக்கிறது.

காது கேட்பதற்கு மட்டும் உரியதன்று. அதன் உட்பகுதியில், பக்கத்துக்கு மூன்றாக, அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்நீர் பின்தங்கி, மயிர்போன்ற நுனிகளையுடைய உயிரணுக்களை வளைக்கிறது; தலை எப்பக்கம் திரும்பிற்றென்ற சேதி அவ்விதம் மூளைக்குச் செல்லுகிறது. நுரையீரலைக் காத்த மருந்து சிலருக்கு இவ்வணுக்களைக் கொன்றுவிடும். மனிதனுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. கொடுமை என்னவெனில், இம்மருந்து பெரும்பாலும் கேட்கும் சக்தியை விட்டுவைத்து, நிற்கும் சக்தியையே தாக்குகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவனுடைய காதை யார் சந்தேகிப்பார்கள்?

உடலை நிறுத்துபவை மூன்று: கண், பாதமும் மூட்டும் தரும் உணர்ச்சி, காது. காது கெட்டவன் பகலில் கண்ணை ஊன்றுகோலாகக் கொண்டு நடந்துவிடுவான். பால்மரத் தொழிலோ இருட்டில் தொடங்குவது. குளிர்ந்த விடியலில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக இறங்கும். ஆகவே பொழுது விடியுமுன் பெரட்டு. இருளில், பனி வழுக்கும் மேட்டு நிரையில், கண்ணும் உதவாது, பாதமும் உதவாது. தலைவிளக்கு இருக்கிறதே என்பீர்கள். தலை அசைய அவ்வெளிச்சமும் அசைகிறது. காது கெட்டவனுக்குப் பார்வையும் நிலைகொள்வதில்லை. இம்மருந்தால் காதின் நிலை இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1952இல் தம் அநுபவத்தை எழுதினார். படுக்கையில் படிக்கும்போது நாடித்துடிப்பின் அசைவுகூட எழுத்துக்களை ஆட்டிற்றாம். தலையைக் கட்டிலின் கம்பிகளுக்கிடையே முட்டுக்கொடுத்துப் படித்தாராம்.

நம் தொழிலாளி இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “குடிக்கவில்லை ஐயா, தரை நிற்கமாட்டேன் என்கிறது.” “எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள், அண்ணே” என்று விடையளித்தோம். மண்டோர் சொன்னார், நாம் எழுதினோம். வாயை முகர்ந்து பார்க்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் மனைவி கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினாள். கள்ளை நாம் ஆதரிப்பவரல்லர். அது நம் மக்களைக் கெடுத்த கதையைச் சிறுவயது முதல் பார்த்தவர். அந்த வெறுப்பே நம் கண்ணை மறைத்தது போலும்.

மறு ஆண்டு நம் தாயாருடன் மலாக்கா நகரத்து மருத்துவமனையொன்றில் காத்திருந்தபோது, மருத்துவர் ஒருவர் ஒரு கிழவரைக் காலிணைத்துக் கண்மூடி நிற்கச் சொன்னார். ரோம்பர்க் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த சோதனை அது. கண் மூடிய கணமே கிழவர் சாய்ந்தார். பெரட்டுக்களத்தின் இருட்டு நம் நினைவுக்கு வந்தது. அன்றிரவு கோப்பிலிருந்த சொல்லைத் தேடிப் படித்தோம்.

மருந்து இல்லாமலும் இது நேரும். நாட்பட்ட மூச்சுநோய் உடையவர் பிறரைவிட அதிகமாகத் தடுமாறி விழுகின்றனர் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. அங்கே பெரும்பாலும் காரணம் கால்தசையின் மெலிவு. உடம்பைத் தாங்கவேண்டிய தசைகள் மூச்சிழுப்பதிலேயே அலுத்துப்போவதும் உண்டு என்பர். 2017இல் உலகச் சுகாதார நிறுவனம், திரும்பி வந்த காசநோய்க்கு இவ்வூசி சேர்ந்த பழைய முறையை இனி வழங்கவேண்டாமென்று கூறிவிட்டது.

நம்மை உறுத்துவது தேதிகள். முதல் ‘குடிபோதை’ ஊசி தொடங்கிய ஐந்தாம் வாரத்தில் எழுதப்பட்டது. அதன் பின்னும் நான்கு வாரம் ஊசி நடந்தது. தலைசுற்றல் கண்டவுடன் தெரிவித்திருந்தால் மருந்தை மாற்றியிருப்பார்கள்; எஞ்சியது பிழைத்திருக்கலாம். “ஏன் அங்கே சொல்லவில்லை?” என்று பின்னர் கேட்டோம். “அவர்களும் குடிகாரன் என்பார்களோ என்று பயந்தேன்” என்றார்.

மூன்றாம் பதிவுக்குப் பின் அவருடைய நிரை வேறொருவருக்குப் போயிற்று. ஒருநாள் அதிகாலையில் கால்வாயில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு, அலோர்காஜாவில் மகன் வீட்டுக்குச் சென்றுவிட்டார். நாம் அங்கே போயிருந்தபோது சுவரைத் தொட்டபடி வந்து நாற்காலி போட்டார். செய்ததைச் சொன்னோம். சற்றுநேரம் பேசாமலிருந்தவர், “அந்தப் புத்தகத்தில் அடிக்க முடியுமா, ஐயா?” என்றார். பழைய ஏட்டில் கைவைக்க நமக்கு அதிகாரமில்லை. ஓரத்தில் தேதியிட்டு, நம் பெயரோடு, நோயின் பெயரை எழுதிவைத்திருக்கிறோம்.