பூட்டில்லாத அலுமாரி

யாழ்ப்பாணம் பொதுசன நூலகத்தின் முன்றிலிலே வீற்றிருக்கும் கலைமகள் சிலையைக் கடந்து செல்வோர், அவ்வெண்ணிற மாடத்தை அண்ணாந்து நோக்காதிருப்பதில்லை. அத்துணைப் பெரிய மாளிகைக்கு வித்தாக அமைந்தது ஒருவரின் வீடே என்பதை நினைப்பவர் சிலரே. 1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்னும் பெரியார் தமது இல்லத்தில் தொடங்கிய நூல்வழங்கல், அடுத்த ஆண்டிலே ஒரு குழுவின் பொறுப்பில் ஓரறைக்கு மாறிற்று. இன்றைய கட்டடத்தின் முதற்பகுதி 1959இல் திறக்கப்பட்டது. சிறுவர்க்கெனத் தனிப்பகுதி அமைந்ததோ 1967இலேயாம். விருந்துப் பந்தியிலே பிள்ளைகளை முந்தி இருத்தும் நாம், ஏட்டுப் பந்தியிலே அவர்களைப் பிந்தி இருத்தினோம் போலும்!

இந்நினைவோடுதான் சென்ற மாதம் ஒரு பிற்பகல் காங்கேசன்துறை வீதி வழியே பஸ் வண்டியிற் புறப்பட்டோம். கொக்குவில், இணுவில் கடந்து மருதனார்மடத்தில் இறங்கி, கிழக்கு நோக்கிச் செல்லும் ஒழுங்கையிலே நடந்தோம். இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். வெங்காய வாசனை காற்றில் நிறைந்திருந்தது. ஒழுங்கை முடியுமிடத்தில், வேம்பின் நிழலிலே, ஓட்டுக் கூரையுடன் ஒரு சனசமூக நிலையம். முன் விறாந்தையிலே பத்திரிகை மேசை. அதனைச் சூழ முதியோர் நால்வர். உட்புறத்து அறைதான் நாம் காணச் சென்ற சிறுவர் நூலகம்.

அவ்வறையிலே முன்பு கண்ணாடிக் கதவிட்ட அலுமாரி ஒன்று மட்டும் நின்றதாம். நூல்கள் உள்ளே, திறப்பு நிலையத் தலைவரின் வீட்டிலே. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அட்டைப்படம் பார்த்துப் போவார்களாம். இராமபாணப் பூச்சிக்கு மாத்திரம் திறப்புத் தேவைப்படவில்லை! இவ்வூரில் மட்டுமா? நாம் கண்ட வாசிகசாலைகள் பலவற்றின் கதை இதுவேயாகும்.

பட்டப்படிப்பை முடித்து ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருந்த நங்கை ஒருத்தி, அக்கதவுகளைக் கழற்றிவிட வேண்டுமென்று கூட்டத்திலே கேட்டாள். "பிள்ளையள் கிழிச்சுப் போடுவினம், தங்கச்சி" என்றாராம் ஒரு பெரியவர். "கிழிஞ்சால் ஒட்டலாம், ஐயா, பூச்சி அரிச்சால் என்ன செய்யிறது?" என்றாளாம் அவள். கதவுகள் கழன்றன.

யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை கூறிய அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், நூல் பயன்பாட்டுக்கே என்பது முதலாவது. கணித ஆசிரியராயிருந்து நூலகரானவர் அவர். அதனாற்றான் போலும், மற்றவை யாவும் அதன்வழிப் பிறக்கக் காண்கிறோம். அந்நங்கை அவ்விதிகளைக் கற்றவளல்லள்.

மாலை நான்கு மணிக்கு அறை திறக்கிறது. தட்டுகள் ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளன; கறையானுக்கு அஞ்சிச் சுவரினின்றும் ஒரு சாண் விலகி நிற்கின்றன. வகைப்படுத்தலுக்கு எண்கள் இல்லை. கதைக்குச் சிவப்புத் தாள், விஞ்ஞானத்துக்குப் பச்சை, வரலாற்றுக்கு மஞ்சள். இரவல் பதிவேட்டை எழுதுபவர்கள் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர். தவணை பதினான்கு நாள். பிந்தினால் தண்டப்பணம் இல்லை. காய்ந்த வேப்பிலை ஒரு பிடி கொண்டுவரல் வேண்டும். அது நூல்களுக்கிடையே தூவப்படுகிறது. நாம் நின்ற வேளை ஒரு சிறுவன் வேப்பிலையும் கையுமாக வந்து, "அக்கா, அம்மம்மாவுக்கு நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை" என்று அதே நூலை மீண்டும் பதிந்து சென்றான்.

தட்டுகளிலே இடைவெளிகள் பல கண்டோம். குறையன்று அது. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட கொடுமையிலே ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விரவு வாசகர் வீடுகளிலே இரவலாகக் கிடந்த நூல்கள் அத்தீயின் கைக்கு எட்டாதவை. பூட்டே பாதுகாப்பு என்பார் இதனைச் சற்று எண்ணுவாராக.

இந்நூலகத்துக்கு இடர் கறையானால் மட்டும் வருவதன்று. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்க, பிள்ளைகளின் மாலைப்பொழுதை டியூசன் வகுப்புகள் விழுங்கிவிடுகின்றன. "கதைப் புத்தகம் போதும், பயிற்சிக் கொப்பி இல்லையோ?" என்று கேட்கும் தாய்மாரும் உளர். வெளிநாடுகளில் வாழும் உறவினர் அன்போடு அனுப்பும் பெட்டிகளிலோ தடித்த ஆங்கில நூல்களே மிகுதி. தமிழ்நாட்டிலிருந்து வரும் கதைநூல்கள் நன்று. ஆயினும் கதிரையை நாற்காலி என்றும் திகதியைத் தேதி என்றும் கண்டு மழலைகள் மயங்குகின்றனர். நமது ஊர்ச் சொல்லிலே, பெரிய எழுத்திலே, ஏழெட்டு வயதினர்க்கான நூல்கள்தாம் அங்கு வேண்டப்படுகின்றன. எழுத வல்ல ஆசிரியர்கள் நம்மிடையே இல்லையா?

ஆங்கில நூல்கள் நிறைந்த பெட்டியொன்று இன்னும் பிரிக்கப்படாது சாளரத்தருகே கிடக்கிறது. வெளிச்சம் நன்கு விழும் இடமாதலால், அதன்மேல் அமர்ந்து வாசிப்பதற்குப் பிள்ளைகளிடையே நாடோறும் போட்டியாம்.