முருங்கனிலிருந்து மடுவுக்கு ஒரு பெட்டிப் பயணம்

ஆவணி 15ஆம் திகதி மடு அன்னையின் பெருவிழா. அதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே முருங்கன் பக்கத்துக் கிராமங்களில் உழவு இயந்திரங்களுக்குப் பெட்டி பூட்டத் தொடங்கிவிடுவார்கள். 2013இல் மடு றோட் வரையும் 2015இல் தலைமன்னார் வரையும் ரயில் பாதை மீண்டும் திறக்கப்பட்ட பிறகும் இந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. அரிசி, விறகு, தண்ணீர்ப் பரல், படங்கு, பாய், கைக்குழந்தை, நடக்க இயலாத பாட்டி எல்லாரையும் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவதற்குப் பெட்டியைவிட வசதியானது எதுவுமில்லை. சமூகவியல் படித்த காலத்தில் யாத்திரை பற்றிப் பல வரைவிலக்கணங்கள் பாடமாக்கினேன். விறகு கட்டுவது யார் என்று ஒன்றிலும் இருக்கவில்லை. பெண்கள்தான் கட்டுகிறார்கள்.

கடந்த வருடம் எங்கள் மகளிர் குழுவினரோடு நானும் ஏறினேன். பெட்டிக்கு வில்லுத் தகடு கிடையாது. ஒவ்வொரு பள்ளமும் நேரே நாரியில் ஏறும். அநேகமான பெட்டிகளுக்குத் தனியாகப் பிறேக்கும் இல்லை. இறக்கத்தில் பாரம் இயந்திரத்தை முன்னே தள்ளும். அதனால் விவரமான சாரதி இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார். இயந்திரத்தையும் பெட்டியையும் பிடித்து வைத்திருப்பது விரல் மொத்தமான ஓர் இரும்பு ஆணி மட்டுமே. புறப்படுமுன் அதன் பூட்டுக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

வயல் ஒழுங்கையைத் தாண்டும்வரை பயணம் மெதுவாகத்தான். முருங்கன் களிமண் பெயர்போனது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் களிமண் போனது. மாரியில் அது சில்லோடு ஒட்டிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும். ஆவணியில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்புகளில் சில்லு விழுந்து எழும்போது சட்டிபானைகள் பாடும்.

எங்கள் பெட்டியில் ஒரு அக்கா இருந்தார். 2008இல் மன்னார் நெற்களஞ்சியக் கிராமங்களிலிருந்து சனங்கள் கிளிநொச்சிப் பக்கம் போனபோது அவரும் பெட்டியில்தான் போனார். பிறகு முல்லைத்தீவு. இரவில் பெட்டிக்குக் கீழே கிடங்கு வெட்டிப் படுத்தார்கள். கடைசியில் பெட்டியையும் கணவரையும் அங்கேயே விட்டுவிட்டுச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தார். அதன் பின் அவர் பெட்டியில் ஏறியதில்லை. இந்த முறை மகளின் நேர்த்திக்காக ஏறினார். வழி முழுக்கப் பின்பலகையில் ஒரு கையை வைத்தபடியே இருந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியில் இருந்தவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் தெரியும்.

பிரதான வீதியிலிருந்து மடுவுக்குத் திரும்பியதும் இரு பக்கமும் காடு. மடுவே ஓர் இடப்பெயர்வில் பிறந்த தலம். 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தோடு இந்தக் காட்டுக்குள் வந்ததாகச் சொல்லப்படுகிறது. தொண்ணூறுகளில் ஆயிரக்கணக்கானோர் இங்கே தஞ்சமிருந்தார்கள். 1999 கார்த்திகையில் விழுந்த எறிகணைகளில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2008 சித்திரையில் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அந்த வருடம் ஆவணியில் திரும்பியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரங்களின் கீழ் பெட்டிகளும் கூடாரங்களும் நிறைந்திருந்தன. தமிழும் சிங்களமுமாக ஒரே சத்தம். சாரதித் தம்பி பெட்டியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போக ஆயத்தமானார்.

“கழற்றாதேங்கோ தம்பி. பூட்டினபடி கிடக்கட்டும்” என்றார் அக்கா.

“இங்க என்னக்கா பயம்?”

“பயமில்ல. கிடக்கட்டும்.”

தம்பி என்னைப் பார்த்தார். நான் குடத்தை எடுத்தேன். மற்றப் பெண்களும் ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். அன்றும் மறுநாள் காலையும் குழாயடியில் வரிசையில் நின்று தலையிலும் இடுப்பிலும் சுமந்தோம். கொஞ்சம் முணுமுணுப்பும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இத்தகைய வேளைகளில் ஆலோசனை சொல்வதைவிடக் குடம் தூக்குவது நல்லது என்பது என் அனுபவம்.

14ஆம் திகதி பின்னேரம், வேஸ்பர் ஆராதனைக்கு முன், அக்கா தம்பியைக் கூப்பிட்டார்.

“பரலை ஏத்துங்கோ. பெட்டியைக் கழற்றிப்போட்டுப் போய் நிரப்பிக்கொண்டு வாங்கோ. இந்தப் பிள்ளைகள் எத்தனை தரம் நடக்கிறது?”

தம்பி முன்பக்கம் முட்டுக்கட்டை வைத்து ஆணியை இழுத்தார். அது இறுகிப்போயிருந்தது. அக்கா உலக்கையால் ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார். இயந்திரம் மட்டும் மரங்களுக்கிடையே போய் மறைந்தது. அவர் அடுப்புக்கு முன் குந்தி, இரவுச் சோற்றுக்கு எத்தனை சுண்டு அரிசி போடுவது என்று எங்களைக் கேட்டார்.